இஃராபும் ஆமிலும்: அரபுச் சொல்லிறுதிகளைத் தமிழர் கற்கத் தொடங்கும் வழி

1. சிக்கல் எங்கே இருக்கிறது

அரபு படிக்கத் தொடங்குபவருக்கு முதல் சில பாடங்களுக்குள்ளேயே ஒரே சொல் மூன்று முடிவுகளோடு எதிர்ப்படுகிறது: அல்பைது, அல்பைத, அல்பைதி. வீடு என்ற பொருள் மூன்றிலும் மாறவில்லை. கடைசி உயிர் மட்டும் உ, அ, இ என்று மாறுகிறது. இந்த மாற்றத்துக்கு அரபு இலக்கணிகள் வைத்த பெயர் இஃராப். உகரம் வரும் நிலை ரஃப்உ, அகரம் வரும் நிலை நஸ்பு, இகரம் வரும் நிலை ஜர்ரு. எழுத்தின்மேல் இடும் குறிகளுக்கு முறையே ளம்மா, ஃபத்ஹா, கஸ்ரா என்று பெயர். தமிழ்நாட்டு மக்தபுகளில் குர்ஆன் ஓதப் பழகிய பிள்ளைகள் இவற்றையே பேஷ், ஜபர், ஜேர் என்று அறிவார்கள்.

மூன்றே நிலை, மூன்றே உயிர். எட்டு வேற்றுமையோடு வளர்ந்த தமிழருக்கு இது சுலபமாக வர வேண்டும். வருவதில்லை. குறியிட்ட பக்கத்தைத் தடையின்றி வாசிக்கும் மாணவர், குறியில்லாத பக்கத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு சொல்லின் ஈற்றிலும் தயங்கி நிற்கிறார். எழுத்தும் தெரியும், சொற்பொருளும் தெரியும். கடைசி உயிர் மட்டும் பிடிபடாது.

காரணம் கற்பிக்கும் வரிசையில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். இறுதி உயிர்களின் பட்டியலை மனனம் செய்வதற்கு முன்னால், அந்த உயிரை அங்கே கொண்டுவந்தது எது என்று கேட்கும் பழக்கம் மாணவருக்கு வர வேண்டும். அதைக் கொண்டுவரும் சொல்லுக்கு ஆமில் என்று பெயர். அதற்குக் கட்டுப்படும் சொல் மஃமூல். வினைச்சொற்களுக்கும் இஃராப் உண்டு, அவற்றுக்கே உரிய ஜஸ்மு என்ற நிலையும் உண்டு. தொடக்கநிலையின் இடர் பெயர்ச்சொல்லில்தான் என்பதால் இங்கே பெயர்ச்சொல்லை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2. நிலை வேறு, அடையாளம் வேறு

அரபு இலக்கணி ஸீபவைஹி ஷீராஸ் வட்டாரத்தைச் சேர்ந்த பாரசீகர். பஸ்ராவில் கற்று, 796 வாக்கில் மறைந்தவர். 'அல்கிதாப்' என்றே அறியப்படும் அவருடைய பெருநூல் தொடங்கிய சிறிது தூரத்திலேயே சொல்லிறுதிகளின் எட்டுப் போக்குகளைப் பேசுகிறது. காதில் விழும் ஒலி நான்குதான்: உகரம், அகரம், இகரம், உயிரின்மை. ஆனால் ஆமிலால் வந்த அகரத்துக்கு ஒரு பெயரும், சொல்லோடு பிறந்து என்றும் மாறாமல் நிற்கும் அகரத்துக்கு வேறொரு பெயரும் தருகிறார். முன்னது நஸ்பு, பின்னது ஃபத்ஹு. இப்படி நான்கும் எட்டாகின்றன. ஒரே ஒலிக்கு இரண்டு பெயர் எதற்கு என்று மாணவர் கேட்டால் அது நல்ல கேள்வி. 'எங்கே' என்று பொருள்படும் 'ஐன' என்ற சொல்லின் ஈற்று அகரத்தை எந்த ஆமிலும் கொண்டுவரவில்லை, எந்த ஆமிலாலும் மாற்றவும் முடியாது. 'அல்பைத' என்பதன் அகரமோ, முன்னால் நிற்கும் வினை மாறினால் தானும் மாறிவிடும். மாறும் சொல் முஃரப், மாறாத சொல் மப்னீ.

நிலையையும் அடையாளத்தையும் ஒன்றாக எண்ணிவிடுவதே தொடக்க மாணவரின் பெரிய இடறல். ரஃப்உ என்றால் உகரம் என்று பதிந்துவிட்டால், அடுத்த மாதம் உகரமே இல்லாத ரஃப்உ வரும்போது படித்ததெல்லாம் பொய்த்துவிட்டதாகத் தோன்றும். ஃபெஸ் நகரத்தவரும் 1323-இல் மறைந்தவருமான இப்னு ஆஜுர்ரூம் எழுதிய ஆஜுர்ரூமிய்யா, சில பக்கங்களே கொண்ட தொடக்க நூல். மொராக்கோ முதல் தென்கிழக்காசியா வரை எத்தனையோ தலைமுறைகள் அரபு இலக்கணத்துக்குள் நுழைந்த வாசல் அது. அது ரஃப்உக்கு நான்கு அடையாளங்களும், நஸ்புக்கு ஐந்தும், ஜர்ருக்கு மூன்றும், ஜஸ்முக்கு இரண்டும் சொல்கிறது. மொத்தம் 14. நிலை நான்கு, அடையாளம் பதினான்கு என்ற கணக்கை முதல் வாரத்திலேயே மாணவரிடம் சொல்லிவிடுவது நல்லது. பட்டியலை அப்போதே ஒப்பிக்க வேண்டியதில்லை.

எழுத்திலேயே வெளிப்படையாகத் தெரியும் ஒரு சான்றைப் பார்ப்போம். நபிகளின் பெரிய தந்தையை அபூதாலிப் என்கிறோம். அவருடைய மகனை அலீ இப்னு அபீதாலிப் என்கிறோம். 'அபூ' எப்படி 'அபீ' ஆயிற்று? 'இப்னு' என்ற சொல், தன்னை அடுத்து உடைமையாளராக வரும் பெயரை ஜர்ரு நிலைக்குத் தள்ளுகிறது. 'தந்தை' என்ற சொல் இப்படி வேறொரு பெயரைச் சார்ந்து நிற்கும்போது ரஃப்உக்கு வாவ், நஸ்புக்கு அலிஃப், ஜர்ருக்கு யா என்று முழு எழுத்துகளாலேயே அடையாளம் காட்டும். ஆகவே அபூ, அபா, அபீ. மூன்றிலும் மனிதர் ஒருவரே. முன்னால் நிற்கும் சொல்தான் வேறு. இப்படி நடக்கும் சொற்கள் ஐந்தே.

3. தமிழ் வேற்றுமை துணைநிற்கும் இடமும் வழிதப்பவைக்கும் இடமும்

தமிழின் உருபு பொருளைச் சுமக்கிறது. 'கு' என்றால் கொடை அல்லது சேரும் இடம், 'இருந்து' என்றால் நீங்கல், 'இல்' என்றால் இடம். இதே எதிர்பார்ப்போடு அரபுக்குள் நுழைபவர் ஒவ்வொரு இறுதி உயிரிடமும் பொருளைக் கேட்பார். அந்த உயிரிடம் அப்படிப்பட்ட பொருள் கிடையாது. கீழே உள்ள நான்கையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம்:

இலல் பைதி (வீட்டுக்கு)
மினல் பைதி (வீட்டிலிருந்து)
ஃபில் பைதி (வீட்டில்)
பாபுல் பைதி (வீட்டின் கதவு)

தமிழில் நான்காம், ஐந்தாம், ஏழாம், ஆறாம் வேற்றுமைகள். அரபில் நான்குக்கும் ஒரே 'பைதி'. பொருளை முன்னால் நிற்கும் 'இலா', 'மின்', 'ஃபீ' என்னும் இடைச்சொற்கள் தாங்குகின்றன. நான்காவதில் 'கதவு' என்ற பெயரே ஆமிலின் வேலையைச் செய்கிறது. அந்தப் பெயர் முளாஃப், அதைத் தொடர்ந்து ஜர்ரில் வருவது முளாஃப் இலைஹி. இகரம் சொல்லும் செய்தி ஒன்றுதான்: இந்தச் சொல் தனக்கு முன்னுள்ள சொல்லைச் சார்ந்து நிற்கிறது.

இதற்கு இணையைத் தமிழின் உருபுகளில் தேடக் கூடாது. உருபு ஏற்குமுன் சொல் கொள்ளும் திரிபில் தேட வேண்டும் என்பது என் கருத்து. வீடு என்பது வீட்டு என்றும், மரம் என்பது மரத்து என்றும் திரிகின்றன. வீட்டுக்கு, வீட்டில், வீட்டுக் கதவு, வீட்டு மேல் என்று எல்லாவற்றுக்கும் அடியில் 'வீட்டு' என்ற அதே வடிவம் இருக்கிறது. அந்த வடிவத்துக்குத் தனிப்பொருள் இல்லை. தனித்து நில்லாது, இன்னொன்றைச் சார்ந்திருக்கிறது என்பதை மட்டும் அது காட்டுகிறது. அரபின் ஜர்ரும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கிறது. தமிழில் இரண்டாம் வேற்றுமையும் இதே திரிபின்மேல்தான் அமைகிறது (வீட்டை). அரபில் செயப்படுபொருள் நஸ்புக்குப் போய்விடும். ஒப்புமைக்கு அது எல்லை.

தமிழ்ப் பழக்கம் நேராக வழிதப்பவைக்கும் இடம் நஸ்பு. 'கரஅல் வலதுல் கிதாப' என்பதைப் 'பையன் புத்தகத்தைப் படித்தான்' என்று பெயர்த்ததுமே, 'அ' என்றால் 'ஐ' என்று மாணவர் முடிவுகட்டிவிடுகிறார். செயப்படுபொருள் நஸ்பின் ஒரு பகுதிதான். வினை நடந்த காலத்தைச் சொல்லும் பெயர், வினை நடந்த விதம், பதினொன்று முதல் தொண்ணூற்றொன்பது வரையான எண்களுக்குப் பின் எண்ணப்படும் பொருள் எல்லாம் நஸ்பில் வரும். 'அஹத அஷர கிதாபன்' என்றால் பதினொரு புத்தகங்கள். அங்கே எந்த வினையும் எதையும் செய்யவில்லை. இதைவிடக் கடினம் 'இன்ன' என்ற சொல். 'இன்னல் வலத மரீளுன்' என்றால் 'பையன் நோயாளிதான்' என்று உறுதிபடச் சொல்வது. பையன்தான் எழுவாய், ஆனால் நஸ்பில் நிற்கிறான். 'கானல் வலது மரீளன்' என்றால் 'பையன் நோயாளியாக இருந்தான்'. இங்கே எழுவாய் ரஃப்உக்குத் திரும்பிவிட்டது, பயனிலை நஸ்புக்குப் போய்விட்டது. பொருளைக் கொண்டு இதை விளக்க முயல்பவர் களைத்துப்போவார். ஆமிலைக் கேட்டால் ஒரே வரியில் விடை வரும்: முன்னதில் 'இன்ன', பின்னதில் 'கான'.

அடைமொழி இன்னொரு இடறல். 'பெரிய வீட்டில்' என்னும்போது தமிழின் 'பெரிய' எதற்கும் அசையாது. அரபில் 'ஃபில் பைதில் கபீரி' என்று அடையும் தன் பெயரோடு ஜர்ருக்கு இறங்கும். இதில் புரியாதது ஒன்றுமில்லை. வாய்ப்பழக்கம் வரும்வரை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

4. நாவில் ஏற்கெனவே இருக்கும் பாடம்

தமிழ் முஸ்லிம் மாணவருக்கு இஃராப் முற்றிலும் புதிதல்ல. நாள்தோறும் சொல்லும் முகமனை நிறுத்தி நிதானமாகக் கேட்டாலே போதும்: அஸ்ஸலாமு அலைக்கும் வ ரஹ்மதுல்லாஹி வ பரகாதுஹு. 'ஸலாமு' என்பதன் உகரம் ரஃப்உ. தொடரின் எழுவாயாக, முப்ததாவாக நிற்பதால். 'ரஹ்மது' என்பதன் உகரமும் ரஃப்உ. 'வ' என்ற இணைப்பால் ஸலாமைத் தொடர்ந்து அதன் நிலையையே ஏற்றதால். 'அல்லாஹி' இகரம் பெற்றது 'ரஹ்மத்' அதன் முளாஃப் என்பதால். 'பரகாது' மீண்டும் ரஃப்உ, அதே இணைப்பால். நன்றி சொல்லும் 'ஜஸாகல்லாஹு கைரன்' என்பதில் 'அல்லாஹு' வினைமுதல், ஆகவே ரஃப்உ; 'கைரன்' செயப்படுபொருள், ஆகவே நஸ்பு. மூன்று நிலைகளும் இந்த இரண்டு தொடர்களுக்குள் அடங்கிவிட்டன. இவற்றைப் பிழையின்றிச் சொல்லும் நாவுக்கு இனி வேண்டியது காரணம் மட்டும்.

பெயர்களிலும் இதே பாடம் கிடக்கிறது. சம்சுத்தீன், நிஜாமுத்தீன், நூருல் ஹுதா, அப்துல் காதிர் என்பவற்றின் நடுவே நிற்கும் உகரம் ரஃப்உவின் ளம்மாதான். தமிழில் அது உறைந்துபோய்ப் பெயரின் ஒரு பகுதியாகிவிட்டது. 'அமீருல் முஃமினீன்' என்ற பட்டத்தில் 'அமீரு' ரஃப்உ, 'முஃமினீன்' ஜர்ரு. தனித்து எழுவாயாக நின்றால் அது 'முஃமினூன்' என்று வந்திருக்கும். 'காதிமுல் ஹரமைன்' என்பதில் வரும் 'ஐன்' இருமையின் ஜர்ரு வடிவம். ரஃப்உ என்றால் 'ஹரமான்'. புது எடுத்துக்காட்டுகளைத் தேடுவதற்கு முன்னால் ஆசிரியர் முதல் வாரத்தை இப்படிப்பட்ட தொடர்களுக்கே கொடுக்கலாம். காது ஏற்றுக்கொண்டதை மனம் எதிர்ப்பதில்லை.

5. மறைந்து நிற்கும் உயிர்கள்

ஆரம்பகால அரபு எழுத்தில் குற்றுயிர்களுக்குக் குறி இல்லை. முதலில் புள்ளியிட்டவர் பஸ்ராவின் அபுல் அஸ்வத் அத்துஅலீ (இறப்பு 688) என்பது மரபு. வேறு நிற மையால் எழுத்தின்மேல் புள்ளி வைத்தால் அகரம், கீழே வைத்தால் இகரம், பக்கத்தில் வைத்தால் உகரம். பிற்காலத்தில் கலீல் இப்னு அஹ்மது இன்று நாம் காணும் சிறு குறிகளை வகுத்தார் என்பர். குர்ஆன் பிரதிகளில் இக்குறிகள் முழுமையாக உண்டு. செய்தித்தாள், நாவல், அரசு ஆவணம் எதிலும் பெரும்பாலும் இல்லை.

போதாக்குறைக்கு, பேச்சை நிறுத்தும் இடத்தில் ஈற்றுயிரை விட்டுவிடுவது அரபின் விதி. வக்ஃபு என்று பெயர். தொடரின் கடைசியில் 'பைதுன்', 'பைதின்' இரண்டுமே 'பைத்' என்றே ஒலிக்கும். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரிடம் மாணவர் இஃராபைக் கேட்கவே மாட்டார். எனவே இஃராபைத் தனிச்சொல்லாகக் கற்பிக்க முடியாது, தொடராகச் சேர்த்தே சொல்ல வேண்டும். 'ஸஅலல் முதர்ரிஸுத் தாலிப' என்றால் ஆசிரியர் மாணவரைக் கேட்டார். 'ஸஅலல் முதர்ரிஸத் தாலிபு' என்றால் மாணவர் ஆசிரியரைக் கேட்டார். சொல் வரிசை மாறவில்லை. 'ரிஸு', 'ரிஸ' என்பவற்றில் கேட்கும் உயிர், அடுத்த சொல்லின் முதல் மெய்யை ஏந்திக்கொள்கிறது. பெயரைக் குறிப்பிட்டதாக்கும் 'அல்' தன் முதலெழுத்தை இழந்து அந்த உயிரோடு ஒட்டுகிறது. புணர்ச்சி கற்ற தமிழ் மாணவருக்கு இந்தச் சந்திப்பு அந்நியமாகத் தோன்றாது.

குறியில்லாத பக்கத்திலும் சில இடங்களில் இஃராப் கண்ணுக்குத் தெரியும். 'இஸ்தக்பலல் வஸீருல் முஹந்திஸீன' (அமைச்சர் பொறியாளர்களை வரவேற்றார்) என்ற தொடரில் 'முஹந்திஸீன்' என்பதன் யா எழுத்தாகவே நிற்கிறது. வரவேற்றவர்கள் பொறியாளர்கள் என்றால் அங்கே வாவ் இருந்திருக்கும். இருமையில் அலிஃபும் யாவும் அப்படியே. குறிப்பில்லாப் பெயர் நஸ்பில் பெரும்பாலும் ஓர் அலிஃபைக் கூட்டிக்கொள்ளும். குறியில்லா வாசிப்பைப் பழகுபவர் முதலில் இந்த எழுத்துகளைப் பிடித்துக்கொண்டால், தொடரின் மற்றச் சொற்கள் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தானே விளங்கும்.

6. குத்ருபின் மறுப்பு

இத்தனை பாடு எதற்கு, பொருள் எப்படியும் விளங்கிவிடுகிறதே என்ற கேள்வி பழமையானது. ஸீபவைஹியின் மாணவரான குத்ருப் (இறப்பு 821) அதைத் துணிந்து கேட்டார். இறுதி உயிர்கள் பொருளைப் பிரிப்பதற்காக வந்தவை அல்ல, தொடர்ந்து பேசும்போது சொற்கள் தங்குதடையின்றி இணைவதற்காக வந்தவை என்பது அவர் கருத்து. பத்தாம் நூற்றாண்டின் ஸஜ்ஜாஜீ அதைப் பதிவுசெய்திருக்கிறார். இருபதாம் நூற்றாண்டில் எகிப்தின் இப்ராஹீம் அனீஸ் ஏறக்குறைய இதே வாதத்தைப் புதுப்பித்தார். இன்றைய கெய்ரோ, டமாஸ்கஸ் பேச்சில் இஃராப் இல்லை, மக்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்கிறார்கள் என்பதும் உண்மை.

சொற்கள் இணையும் இடத்தைக் குத்ருப் கவனித்தது கூர்மையானது. மேலே காட்டிய 'முதர்ரிஸுத் தாலிப' அதற்குச் சான்று. ஆனால் அவர் எடுத்த முடிவை ஏற்க முடியவில்லை. 'மூஸா ஈஸாவை அடித்தார்' என்ற பொருளில் 'ளரப மூஸா ஈஸா' என்பது இலக்கணிகள் பன்னெடுங்காலமாகக் காட்டும் எடுத்துக்காட்டு. இரண்டு பெயர்களும் நெடிலில் முடிவதால் எந்த இறுதி உயிரும் வெளியே தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் முதலில் வருபவரே வினைமுதல், வரிசையை மாற்றக் கூடாது என்று விதித்தார்கள். இறுதி மறையும் இடத்தில் மட்டும் வரிசை கட்டாயமாகிறது என்றால், மற்ற இடங்களில் அந்த உயிர்தான் பொருளைக் காத்தது என்றாகிறது. தமிழில் 'புலி கொன்ற யானை' என்னும்போது கொன்றது எது என்று நாம் திகைப்பதும் உருபு தொக்கு நிற்பதால்தான். அக்காடியம், உகாரிதியம் போன்ற பழைய செமிட்டிய மொழிகளிலும் இதே உ, அ, இ வேறுபாடு இதே பணிகளில் இருந்திருப்பதால், வெறும் ஒலியிணைப்பு என்ற விளக்கம் மேலும் வலுவிழக்கிறது.

குர்ஆனின் ஒன்பதாம் அத்தியாயத்தின் மூன்றாம் வசனத்தைப் பற்றி ஒரு மரபுச் செய்தி உண்டு. அங்கே 'ரஸூலுஹு' என்பதை ஒருவர் 'ரஸூலிஹி' என்று ஓதினாராம். ரஃப்உவில், இறைவனைப் போலவே தூதரும் இணைவைப்போரிடமிருந்து விலகியவர் என்று பொருள். ஜர்ரில், இறைவன் தூதரிடமிருந்தும் விலகியவன் என்றாகிவிடும். இலக்கணம் வகுக்கும் முயற்சிக்கு இதுவே தூண்டுதல் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். செய்தியின் வடிவங்கள் பல. ஆனால் ஓர் உயிரின் எடை என்ன என்பதை அந்தச் சமூகம் எப்படி உணர்ந்திருந்தது என்பதற்கு அது போதும்.

ஆமில் கோட்பாட்டையே எதிர்த்தவர் குர்துபாவின் இப்னு மளா (இறப்பு 1196). சொல் சொல்லை ஆள்வதில்லை, பேசுபவரே உயிரை மாற்றுகிறார் என்றார். ஷவ்கீ ளைஃப் 1947-இல் அவருடைய நூலைப் பதிப்பித்தபின் அரபு நாடுகளில் இலக்கணத்தை எளிமையாக்கும் விவாதம் சூடுபிடித்தது. தத்துவமாக இப்னு மளா சொல்வதில் நியாயம் உண்டு. இருந்தாலும் தொடக்க மாணவர் கையில் ஆமிலைவிட நல்ல கருவி இல்லை என்றே நினைக்கிறேன்.

7. கற்கும் வரிசை

வாணியம்பாடியில் 1933-இல் பிறந்து, மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் கற்பித்து, 2023-இல் மதீனாவில் மறைந்த வி. அப்துர் ரஹீம் எழுதிய 'துரூஸுல் லுகதில் அரபிய்யா' உலகெங்கும் பயன்படும் தொடக்கநூல். அதன் முதல் பாகம் பட்டியலோடு தொடங்குவதில்லை. 'இது வீடு' என்ற வகைத் தொடர்களில் சொற்கள் ரஃப்உவில் வருகின்றன. அடுத்து 'அல்' சேர்கிறது. பின்னர் 'ஃபீ', 'அலா' என்னும் இடைச்சொற்களோடு ஜர்ரு. அதன்பின் முளாஃப். நஸ்பு பின்னால்தான். இந்த வரிசையின் நுட்பம் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிகிறது. ஜர்ரின் ஆமில் எப்போதும் வெளிப்படையாக, பெரும்பாலும் சொல்லை ஒட்டி முன்னாலேயே நிற்கிறது. ஆமிலைத் தேடும் பழக்கத்தைக் கண்ணெதிரே தெரியும் ஆமிலிலிருந்து தொடங்குவதே முறை.

பழகும்போது கேள்விகளை இந்த வரிசையில் கேட்கலாம். சொல்லுக்கு முன் இடைச்சொல்லோ முளாஃபோ உண்டா? உண்டு என்றால் ஜர்ரு. இல்லையென்றால், 'இன்ன', 'கான' போன்று நிலையை மாற்றும் சொல் தொடரின் தலையில் நிற்கிறதா? நின்றால் அதன் விதி. அதுவும் இல்லையென்றால், சொல் வினைமுதலா, அல்லது வினையில்லாத் தொடரின் எழுவாயோ பயனிலையோ? ஆம் என்றால் ரஃப்உ. எஞ்சியதில் பெரும்பாலானவை நஸ்பு.

நம் மதரஸாக்களில் தர்கீப் என்று வழங்கும் பயிற்சி இதைத்தான் செய்கிறது. 'கதபல் முதர்ரிஸு தர்ஸன் ஃபீ தஃப்தரித் தாலிபி' (ஆசிரியர் மாணவனின் குறிப்பேட்டில் ஒரு பாடம் எழுதினார்) என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். 'கதப' வினை, மப்னீ. 'முதர்ரிஸு' அதன் வினைமுதல், ரஃப்உ, அடையாளம் ளம்மா. 'தர்ஸன்' செயப்படுபொருள், நஸ்பு, அடையாளம் ஃபத்ஹா; கூட ஒலிக்கும் னகரம் தன்வீன், குறிப்பில்லாப் பெயர் என்பதைக் காட்டுவது. 'தஃப்தரி' ஜர்ரு, ஆமில் 'ஃபீ'. முளாஃபாகவும் இருப்பதால் தன்வீன் இல்லை. 'தாலிபி' ஜர்ரு, ஆமில் 'தஃப்தர்'. ஒவ்வொரு சொல்லுக்கும் நிலை, அடையாளம், ஆமில் என மூன்றையும் வாயால் சொல்ல வேண்டும். நாளுக்கு இரண்டு தொடர் போதும். மூன்றில் ஒன்றை விட்டாலும் பயிற்சி வெறும் ஒப்பித்தலாகிவிடும்.

விதிவிலக்குகள் கடைசியில் வரட்டும். பெண்பாற் பன்மையான 'ஆத்' ஈற்றுச் சொற்கள் நஸ்பிலும் கஸ்ராவே பெறும். தன்வீன் ஏற்காத சில பெயர்கள் ஜர்ரிலும் ஃபத்ஹாவே பெறும். இப்ராஹீம், உமர், ஃபாத்திமா போன்றவை இந்த வகை. நிலையையும் அடையாளத்தையும் பிரித்துப் பார்க்கப் பழகியவருக்கு இவை அச்சமூட்டா. இந்த வகையின் தாக்கம் எழுத்துக்கூட்டல் வரை போகிறது. உமர், அம்ரு என்னும் இரண்டு பெயர்களும் குறியில்லா அரபு எழுத்தில் ஒரே மூன்றெழுத்துகள். குழப்பம் வராதிருக்க அம்ருக்கு ஈற்றில் ஒலிக்காத வாவ் ஒன்றைச் சேர்த்து எழுதுகிறார்கள். ரஃப்உவிலும் ஜர்ரிலும் அந்த வாவ் நிற்கும். நஸ்பில் 'அம்ரன்' என்று தன்வீனோடு வரும்போது அதன் அலிஃபை எழுதிவிட்டு வாவை எடுத்துவிடுவார்கள், ஏனென்றால் தன்வீன் ஏற்காத உமருக்கு அந்த அலிஃப் ஒருபோதும் வராது.